லீவ் என்றால் சொல்லியிருப்பார்களே

ஜெனி,

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து மேடவாக்கத்திலிருந்து போன் பண்ணினாய். "அப்பா, ரேடியோ கேக்கறதுக்கு மாசாமாசம் பணம் கட்டுவீங்களா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாய். நான் வாயில் நல்லி எலும்போடு, "அவங்க போடற விளம்பரத்தையெல்லாம் பொறுமையா கேக்கறேனே, அதுக்கு அவங்கதான் எனக்குக் கட்டணும்" என்றேன். நீ சிரித்தாய். சிரித்து முடித்த பிறகும் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். உன் பின்னால் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. "சும்மா கேக்கலப்பா. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாய். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், உன் அம்மாவே சாட்சி. குளிக்கும்போது யோசிக்கிறேன். கறிவேப்பிலை வாங்கப் போய், யோசித்துக்கொண்டே கொத்தமல்லியோடு திரும்பி வருகிறேன்.

நீ சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. ரேடியோ டிஜிட்டலாக மாறப்போகிறது. எந்த முறையில் மாறுவது, யார் செலவில் மாறுவது, வீடுகளில் இருக்கும் பழைய பெட்டிகள் என்ன ஆவது என்று டெல்லியில் கூடிப் பேசுகிறார்கள். வருகிற வியாழக்கிழமை கார்களுக்குப் பாட்டுப்பெட்டி செய்யும் உன் கம்பெனியின் சார்பில் நீ போய்ப் பேச வேண்டும். இப்போது ஒரு நிலையம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் டிஜிட்டலில் நாலைந்து நிலையங்களை அடுக்கலாமாம். சிலவற்றைத் திறந்து விடலாம், சிலவற்றுக்குச் சந்தா கட்டினால்தான் கேட்கும்படி பூட்டுப் போடலாம். சந்தா விற்பதில் உன் கம்பெனியும் சேர்ந்திருப்பதால், எதற்குப் பூட்டு என்ற பட்டியல் இப்போது உன் கையில் இருக்கிறது. "பாட்டு எல்லார் போன்லயும் சும்மா கிடைக்குது, அதுக்கு எவனும் பணம் தர மாட்டான். லோக்கல் விஷயத்துக்குத்தான் தருவான். எந்த சப்வேல தண்ணி, எந்த ரோட்டுல ஜாம், நாளைக்கு மழையா, ஸ்கூல் உண்டா. அதை லாக் பண்ணுங்க" என்கிறாராம் உன் மேனேஜர். இதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. ரிட்டயர் ஆனாலும் எனக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கிறது. உன் பிரமோஷன் இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாக மாப்பிள்ளையும் தனியாகச் சொன்னார். அதனால்தான் போனில் பேசி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். விமானத்தில் படி. மேலே போனால் போன் வேலை செய்யாது, நடுவில் வைத்துவிட்டு வேறு எதையும் பார்க்க மாட்டாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சந்தா என்ற வார்த்தையைக் கேட்டதும் கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை. புதுசாக ஒன்று வந்தால் எனக்குக் கை அரிக்கும், அது உனக்கே தெரியும். மீனம்பாக்கத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்ததால் வெளிநாட்டிலிருந்து இறங்குகிற பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் படித்தே எனக்கு அந்த வியாதி வந்துவிட்டது. "உங்க அப்பாவுக்கு உள்ள இருக்கற சாமான் கூட வேணாம், டப்பா பிரிக்கிற சத்தம் கேட்டா போதும்" என்று உன் அம்மா சொல்வாள். நம் தெருவில் முதல் கார்ட்லெஸ் போன் நம் வீட்டில்தான் வந்தது. அது எதிர்வீட்டுக்காரர் பேசுவதையும் சேர்த்துப் பிடித்தது என்பது வேறு கதை. ஆக, டிஜிட்டல் ரேடியோ என்று நீ சொன்னதும் எனக்கு வந்தது கோபமே இல்லை, ஆசைதான். அது எப்படி இருக்கும், யார் கேட்பார்கள், யார் பணம் கட்டுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வாரமாக அஸ்தினாபுரத்தில் கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இஸ்திரிக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் இப்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

முதலில் மாட்டியவர் எதிர்வீட்டுக் குமரேசன். ரயில்வேயில் இருந்தவர், உனக்கு இன்னும் குமரேசன் அங்கிள்தான். அவர் மகன் வற்புறுத்தி இரண்டு வருஷம் முன்பு புதுக் கார் வாங்கினார் இல்லையா, அந்தக் காரிலேயே டிஜிட்டல் ரேடியோ பிடிக்கும் வசதி இருக்கலாம் என்று நீ போனில் சொன்னாய். அவரிடம் கேட்டால், "எனக்கு ஏசி பட்டன் தெரியும், ஹாரன் தெரியும். மீதியெல்லாம் பையனுக்குத்தான் சார் தெரியும்" என்றார். இரண்டு கிழவர்கள் வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து, வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தேடினோம். வைப்பர் ஓடியது, சீட் பின்னால் சாய்ந்தது, ஒரு பெண் குரல் எங்களை எங்கே போக வேண்டும் என்று கேட்டது. கடைசியில் ஒரு பட்டியல் திறந்தது. அதில் ஒன்றைத் தொட்டதும் ஒருவர் விவசாயச் செய்தி வாசித்தார் பார், அவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. கரகரப்பு துளி இல்லை. குமரேசன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வருஷமா இந்த மனுஷன் என் வண்டிக்குள்ள உக்காந்து பேசிக்கினு இருந்தாரா?" என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த நேரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது, உன்னை உடனே கூப்பிட வேண்டும் போல இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு காரை எடுத்துக்கொண்டு பல்லாவரம் பக்கம் போனோம். ஒரு சுரங்கப் பாதைக்குள் இறங்கியதும் செய்தி வாசித்தவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். இழுபறியே இல்லாமல் ஒரே நொடியில் போனார். மேலே ஏறிய பிறகும் கொஞ்ச தூரம் வரைக்கும் அவர் வரவில்லை. பழைய ரேடியோவுக்கு மாற்றிக்கொண்டு அதே பாதையில் திரும்பி வந்து பார்த்தோம். அது இரைந்தது, கொப்பளித்தது, ஆனால் இடையிடையே இரண்டு வார்த்தையாவது காதில் விழுந்தது. ஆக டிஜிட்டல் என்றால் வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் ஒன்றுமே வராது போலிருக்கிறது. இதற்கு உங்கள் ஆட்களிடம் வழி இருக்கும், கோபுரம் கூட்டினால் சரியாகும் என்பாய். இருக்கலாம். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான், அது மழைத் தண்ணீர் நிற்கும் நாளில் எப்படி இருக்கும்? நம் பக்கத்தில் ரேடியோ ரொம்பத் தேவைப்படுவது அந்த நாலைந்து நாளில்தானே.

அடுத்தது தனம். கோவளத்திலிருந்து புதனும் சனியும் ஷேர் ஆட்டோவில் மீன் கூடையோடு வருகிறாளே, அவள்தான். அவள் புருஷனும் கொழுந்தனும் கடலுக்குப் போகிறவர்கள். உன் அம்மா சங்கராவை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் என் கேள்வியை ஆரம்பித்தேன். டிஜிட்டல், சந்தா என்று நான் நீட்டி முழக்கியதை அவள் கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "பாட்டுக்குத் துட்டு கேட்டா, புடிச்சவன் குடுப்பான் சார். காத்து வருதுன்னு சொல்றதுக்கு இன்னாத்துக்குத் துட்டு? துட்டு கட்டாதவன் வூட்டுப் பக்கம் காத்து வராதா இன்னா?" என்றாள். அப்புறம் அவளே, "ஆனா ஒண்ணு சார், போன்ல டவர் கெடைக்காத எடத்துல அந்தப் பொட்டி பேசுனா நல்லாத்தான் கீது. வலை இழுத்துகினு இருக்கறப்ப ரெண்டு கையும் வேலைல கீது, காது சும்மாத்தானே கீது" என்றாள். அவளும் உங்கள் டிஜிட்டலுக்கு விரோதி இல்லை பார். அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிரித்து வைத்தாள், அதையும் மீன் செதிலோடு செதிலாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

நீ இன்னொன்றும் சொல்லியிருந்தாய். பெரிய ஆபத்து வந்தால் டிஜிட்டல் பெட்டி, வேறு பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் அதை நிறுத்திவிட்டு எச்சரிக்கையைச் சொல்லுமாம், அணைத்து வைத்திருந்தால் தானாகவே விழித்துக்கொள்ளவும் செய்யலாமாம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. தூங்குகிறவனைத் தட்டி எழுப்புகிற ரேடியோ, எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் அது எல்லார் வீட்டையும் தட்டுமா, சந்தா கட்டியவன் வீட்டை மட்டும் தட்டுமா என்று உன்னைக் கேட்க மறந்துவிட்டேன். புயல் என்றால் எல்லாரையும் தட்டும் என்று நீ சொல்வாய். சரி, புயலை விடு. வெறும் மழைக்கு? பள்ளிக்கூடம் இல்லை என்பதற்கு? அது ஆபத்தில் சேர்த்தியா, லோக்கல் விஷயத்தில் சேர்த்தியா? இந்த இடத்தில்தான் ஒரு வாரமாக நான் எங்கே சுற்றினாலும் வந்து முட்டிக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கும் போனேன். பழைய சாமான் பரப்பியிருக்கும் வரிசையில் ரேடியோ விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். இப்போதும் வாங்குகிறார்களா என்று கேட்டேன். "வாச்மேன் வாங்குவாரு, சித்தாள் வாங்கும், தோல் கம்பெனிக்குப் போற பொம்பளைங்க வாங்கும். போன்ல சார்ஜ் தீந்துடும், இதுல ரெண்டு பேட்டரிக் கட்ட போட்டா ரெண்டு மாசம் பேசும்" என்றார். எல்லாம் டிஜிட்டலாக மாறினால் இந்தப் பெட்டிகள் என்ன ஆகும் என்றேன். "ஆவறது இன்னா சார், கிலோவுக்குப் போடறதுதான்" என்று சொல்லி ஒரு பெட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அதன் மூலை உடைந்து, கருப்பு டேப் ஒட்டியிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் நின்றேனே ஜெனி, என்னால் சட்டென்று திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இதே சந்தையில் இதே மாதிரி ஒரு பெட்டியை நான் விற்றிருக்கிறேன். அப்போது நீயும் என்னோடு இருந்தாய். உனக்கு ஒன்பது வயது.

இதுவரை எழுதியதெல்லாம் சுற்றி வளைத்தது. இனிமேல் எழுதப்போவதைத்தான் நான் போனில் சொல்லத் துணியவில்லை.

அந்த வருஷம் உனக்குப் பரீட்சை நெருங்கியிருந்ததால் உன்னை என்னிடம் விட்டுவிட்டு, உன் அம்மா தன் அண்ணன் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் நான் அந்தப் புது ரேடியோவை வாங்கிக்கொண்டு வந்தேன். வானத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து நேராக இறங்குகிற ரேடியோ, வருஷச் சந்தா, நடுவில் ஒரு விளம்பரம் கிடையாது. அதற்கு அலை பிடிக்க ஒரு சின்னப் பலகை, சாப்பாட்டுத் தட்டு அளவில். அது கிழக்கே பார்க்க வேண்டும். நம் வீட்டில் கிழக்கே பார்த்த ஜன்னல் சமையலறையில்தான் இருந்தது. அந்த ஜன்னல் மேடையில்தான் உன் அம்மாவின் பழைய ரேடியோ உட்கார்ந்திருந்தது. நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்புவதற்குள் அவள் சமைப்பதும், செய்தி கேட்பதும், நமக்குச் சட்டை எடுத்து வைப்பதும் அந்தப் பெட்டியின் பேச்சோடுதான் நடக்கும். நான் அதைப் பரணில் வைத்திருக்கலாம், கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கலாம். புதுசு வந்த பிறகு பழசு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அவள் திரும்பி வரும்போது அந்த ஜன்னலில் புதுப் பெட்டியைப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, அந்த ரேடியோவை உன் மடியில் கொடுத்தேன். நீ பல்லாவரம் வரைக்கும் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாய். விற்றுவிட்டு உனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். "அம்மா திட்ட மாட்டாங்களா?" என்று ஒரு தடவை கேட்டாய். "அம்மாவுக்கு சர்ப்ரைஸ்" என்றேன்.

புது ரேடியோ நன்றாக இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எந்தத் தேசத்துக் குழலோ, எந்த ஊர் மேளமோ, விடியும்போது அந்தச் சமையலறையில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அப்படித்தான் ஒரு வயலின் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாளிலிருந்தே மழை. கேபிள் போய் டிவி வரவில்லை. ஆனால் வயலின் மட்டும் துளிகூட விட்டுப்போகாமல் வந்தது. நான் ரசித்துக்கொண்டே உனக்குத் தோசை வார்த்தேன். நீ ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, "அப்பா, இன்னைக்கு ஸ்கூல் இருக்கா?" என்று கேட்டாய். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன், "லீவ்னா சொல்லியிருப்பாங்களே!"

சொல்லித்தான் இருந்தார்கள். ஆறே முக்கால் செய்தியிலேயே சொல்லிவிட்டார்கள். நம் தெருவில் ரேடியோ இருந்த வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. நம் வீட்டு ரேடியோவுக்குத்தான் உலகமெல்லாம் தெரியும், அஸ்தினாபுரம் தெரியாது. வேன் வரவில்லை என்றதும் மழைக்குத் தாமதம் என்று நினைத்து நானே உன்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் க்ரோம்பேட்டையில் பள்ளி வாசலில் இறக்கினேன். சின்னக் கதவு திறந்திருந்தது. நீ உள்ளே போவதைப் பார்த்தேன். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். மற்ற பிள்ளைகள் யாரும் இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. அந்த மழையில் எதுதான் கண்ணில் படும் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சும்மா.

உள்ளே வாச்மேன் கூட இல்லாமல், கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வழி தெரியும் என்று நீயே நடக்க ஆரம்பித்திருக்கிறாய். குமரேசன் உன்னைப் பார்த்தபோது ஒரு கல்யாண மண்டபத்தின் கம்பி கேட்டைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாயாம். ஒரு காலில் ஷூ இல்லை. புத்தகப் பையைத் தலைமேல் வைத்திருந்தாயாம். அவர் பால் வாங்க வந்தவர். அவர் அன்றைக்குப் பாலுக்குப் போயிருக்காவிட்டால் என்று நான் நினைக்காத மழைக்காலம் இல்லை.

என்னை ஆபீசிலிருந்து கூப்பிட்டு வரவழைத்தார்கள். நீ அவர்கள் வீட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தாய். குமரேசன், "ரேடியோல காலையிலயே சொன்னாங்களே சார், நீங்க கேக்கலையா?" என்றார். குற்றம் சொல்வதுபோல் கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நான், "எங்க ரேடியோ ரிப்பேர் சார், கடையில குடுத்திருக்கு" என்றேன். நீ டம்ளரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாய். நாலு நாள் முன்புதான் அந்த ரேடியோ உன் மடியில் இருந்தது. நீ மறுபடியும் குடிக்க ஆரம்பித்தாய். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் உன் அம்மா வந்தபோதும் அதே பொய்யைத்தான் சொன்னேன். ரிப்பேர் கடைக்காரன் தொலைத்துவிட்டான் என்று வாலும் சேர்த்தேன். மழை லீவைப் பற்றி, "அறிவிப்பே லேட்டா வந்துச்சு" என்றேன். உனக்கு ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. நீ போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

சில வருஷத்தில் அந்த ரேடியோ கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒருநாள் காலையில் விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. நான் மூன்று நாள் பலகையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. உன் அம்மாவுக்கோ, நீ எழுந்து நடமாட ஆரம்பித்த கையோடு வேறு ஒரு ரேடியோ வந்துவிட்டது. நாகர்கோவில் மாமா கொடுத்தனுப்பியதாகச் சொன்னாள். நானும் மச்சானுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் சமையலறையில் பேசுவது அதுதான்.

இதையெல்லாம் உனக்கு எழுதப்போகிறேன் என்று இன்று காலை உன் அம்மாவிடம் சொன்னேன். இருபது வருஷமாக அவளுக்கும் சேர்த்துச் சொன்ன பொய் அல்லவா, முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பல்லாவரம் சந்தையில் ஆரம்பித்தேன். அவள் நிமிரவே இல்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரேடியோவ நீங்க வித்தது தெரியும். நான் ஊர்லேருந்து வந்த அன்னைக்கே ஜெனி சொல்லிட்டா. 'அம்மா, அப்பாகிட்ட ரேடியோ பத்திக் கேக்காதம்மா. அன்னைக்கு மொட்டை மாடிப் படியில உக்காந்து அழுதாரு'ன்னா. நூத்தி ரெண்டு ஜுரத்துல சொல்றா."

நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு முன்னால் வந்து நின்றேன். உன் அம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "இந்த ரேடியோவும் எங்க அண்ணன் குடுத்தது இல்ல. அவளுக்கு ஜுரம் விட்டப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் பல்லாவரம் போனோம். பழசு வித்துப் போச்சுன்னுட்டாங்க. இதை அவதான் பாத்து எடுத்தா. 'மாமா குடுத்ததுன்னு சொல்லிடலாம்மா'ன்னு அவதான் சொன்னா" என்றாள். அப்புறம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுப்பு தெரியல" என்றாள்.

ஜெனி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்த ஒன்பது வயதுப் பிள்ளை எனக்காக இவ்வளவு யோசித்திருக்கிறது. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கு உன்னை அந்த வாசலில் விட்டுவிட்டுப் போனதற்கு. உன் முன்னாலேயே பொய் சொல்லி, அந்தப் பொய்யை நீயும் சேர்ந்து சுமக்கும்படி பண்ணியதற்கு. குமரேசனிடமும் நாளைக்குச் சொல்லிவிடுவேன். நம் குடியிருப்போர் சங்கத்தின் மாத இதழில் இந்தக் கடிதத்தை அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். பொய்யைத் தெருவில் சொன்னேன், உண்மையும் தெருவிலேயே இருக்கட்டும். உன் பெயரைப் போட வேண்டாம் என்றால் விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு வார்த்தை சொல்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கேட்டபோது, எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாய். மேனேஜரின் பட்டியலில் 'பள்ளி விடுமுறை' என்ற வரியைப் பார்த்ததும் உனக்கு அந்தக் கம்பி கேட் ஞாபகம் வந்திருக்கும். நானாக எப்போது சொல்வேன் என்று அந்த அமைதியில் காத்திருந்தாயோ என்னவோ. சொல்கிறேன். பாட்டுக்கு நான் பணம் கட்டுவேன். விடியற்காலையில் அந்த வயலின் மறுபடி கிடைக்கும் என்றால் உன் கம்பெனியின் முதல் சந்தாக்காரன் நான்தான். விளம்பரம் இல்லாமல் கிரிக்கெட் வர்ணனை தந்தால் குமரேசனும் கட்டுவார், பேசிவிட்டேன். கோபுரம் சும்மா நிற்காது, யாராவது செலவு செய்யத்தான் வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. எதற்குப் பூட்டுப் போட்டால் கம்பெனி பிழைக்கும் என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும், உனக்கு அந்தப் படிப்பு இருக்கிறது. உன் மேனேஜர் முகம் சுளிக்கலாம். பிரமோஷன் தள்ளிப்போகலாம். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் ஆசை உண்டு.

ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில், மழை பெய்கிற ஒரு காலையில், தோசைக்கல் முன்னால் நிற்கும் ஒருத்தனிடம் அவன் பிள்ளை ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து அதே கேள்வியைக் கேட்கும். அவனும் என்னை மாதிரி அசட்டையாக, திரும்பிப் பார்க்காமல்தான் பதில் சொல்வான். அப்பன்கள் அப்படித்தான், அதை உன்னால் மாற்ற முடியாது. "லீவ்னா சொல்லியிருப்பாங்களே" என்று அவன் சொல்லும்போது, அவன் சந்தா கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், அவன் வீட்டுப் பெட்டியில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். வியாழக்கிழமை அதை மட்டும் பார்த்துக்கொள்.

அப்பா